தேவதை இறால்: சிற்றினங்களைப் பிரித்தறிந்த வரலாறு

தேவதை இறால் என்பது, மழைநீர்க் குட்டைகள், பாறைக் குழிகள், பனி உருகித் தேங்கும் நீர்நிலைகள், உவர் ஏரிகள் ஆகியவற்றில் மல்லாந்த நிலையில் நீந்தி வாழும் சிறு ஓட்டுடலிகளின் பொதுப்பெயராகும். உணவாகும் இறாலுக்கும் இவற்றுக்கும் நெருங்கிய உறவில்லை. இவை பிராங்கியோபோடா என்னும் வகுப்பில், அனோஸ்ட்ராக்கா என்னும் வரிசையைச் சேர்ந்தவை. நண்டு, இறால் முதலியவற்றின் தலையையும் மார்பையும் மூடி நிற்கும் மேலோடு இவற்றுக்கு இல்லாததால், நார்வே நாட்டு விலங்கியலாளர் ஜி. ஓ. சார்ஸ் 1867-இல் 'ஓடற்றவை' என்று பொருள்படும் அப்பெயரை இவ்வரிசைக்கு இட்டார். உலகெங்கும் 300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இதுவரை விவரிக்கப்பட்டுள்ளன. உப்பளங்களில் வாழ்வதும், இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் உயிர்த்தீவனமாகப் பயன்படுவதுமான ஆர்ட்டீமியாவும் இவ்வரிசையில் அடங்கும்.

இச்சிற்றினங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவது தொடக்கம் முதலே கடினமாக இருந்துவருவதற்கு, உடலமைப்பின் பழமையும் ஒருமையும் முதற் காரணங்கள். ஸ்காட்லாந்தின் ரைனி என்னும் ஊருக்கு அருகில், ஏறத்தாழ 41 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட பாறைப் படிவில் கிடைத்து, 1926-இல் ஸ்கவர்ஃபீல்டு விவரித்த லெப்பிடோகாரிஸ் என்னும் புதைபடிவம், தனி வரிசையில் வைக்கப்பட்டுள்ள போதிலும், இன்றைய தேவதை இறாலோடு நெருங்கிய ஒப்புமை உடையது. இன்று வாழும் சிற்றினங்களுள் மிகப் பெரும்பாலானவற்றுக்கு 11 இணை நீந்துகால்கள் உள்ளன. வடதுருவத்தை ஒட்டிய குளிர்நாடுகளின் பாலியார்ட்டீமியா, பாலியார்ட்டீமியெல்லா ஆகிய இரு பேரினங்களில் மட்டுமே அவை 17 அல்லது 19 இணைகளாகப் பெருகியுள்ளன. கால்களை அடுத்து இனப்பெருக்க உறுப்புகளைத் தாங்கும் இரு கண்டங்கள், அவற்றை அடுத்துக் காலற்ற வயிற்றுக் கண்டங்கள், இறுதியில் இரு கிளையாகப் பிரிந்த வால் என்னும் அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. நிறமும் அளவும் துணை செய்வதில்லை. ஒரே சிற்றினம் ஒரு குட்டையில் நிறமற்றும், ஆக்சிசன் குறைந்த மற்றொரு குட்டையில் குருதிச் சிவப்பு நிறமி மிகுந்து சிவந்தும், உண்ணும் பாசிக்கு ஏற்பப் பசுமை கலந்தும் காணப்படும். நீர் சில கிழமைகளில் வற்றிவிடும் இடத்தில் சிறிதாகவும், மாதக்கணக்கில் நிற்கும் இடத்தில் பெரிதாகவும் வளரும். ஆகவே எந்த உறுப்பை நோக்குவது என்னும் கேள்விக்கு அறிஞர்கள் காலந்தோறும் அளித்த வெவ்வேறு விடைகளே இவ்வகைப்பாட்டின் வரலாறாக அமைந்துள்ளன.

முதல் விவரிப்புகளும் பெயர்க் குழப்பமும்

செருமனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் சமயப் போதகராக விளங்கிய யாக்கோப் கிறிஸ்டியான் ஷேஃபர், 1750-களில் அந்நகரைச் சுற்றியிருந்த தேங்குநீர்களில் கிடைத்த 'மீன் வடிவச் செவுட்காலி' ஒன்றை உருப்பெருக்கியால் ஆராய்ந்து, வண்ணப் படங்களுடன் விவரித்தார். அதே காலத்தில் இங்கிலாந்தின் லிமிங்டன் உப்பளங்களில், கடல்நீரைக் காய்ச்சுமுன் சேர்த்துவைக்கும் செறிந்த உவர்நீரில் நெளிந்த சிறு உயிரியை ஷ்லோசர் என்பவர் படத்துடன் பதிவு செய்தார். கார்ல் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட தம் நூலின் பத்தாம் பதிப்பில், நண்டுகளுக்கு உரிய 'கான்சர்' என்னும் பேரினத்தின் கீழ் நன்னீர் வடிவத்துக்குக் கான்சர் ஸ்டாக்னாலிஸ் என்றும், உப்பள வடிவத்துக்குக் கான்சர் சலினஸ் என்றும் பெயரிட்டார். நன்னீரில் ஒன்று, உவர்நீரில் ஒன்று என்னும் இப்பிரிவு ஏறக்குறைய அரை நூற்றாண்டு போதுமானதாகக் கருதப்பட்டது.

லின்னேயசின் சுருக்கமான விவரிப்பில் எந்த உறுப்பின் நுட்பமும் கூறப்படவில்லை. இக்குறையின் விளைவாக, ஸ்டாக்னாலிஸ் என்னும் ஒரே பெயர் ஐரோப்பாவின் மூன்று வேறு உயிரிகளின் மீது ஏறியது: செருமானிய நூல்களில் அது ஷேஃபர் கண்ட உயிரியைக் குறித்தது, வேறு சிலரால் பிரித்தானியக் குட்டைகளில் வாழும் உயிரிக்கும் அது வழங்கப்பட்டது, லின்னேயசின் உயிரியோ இவ்விரண்டும் அன்று. பெனடிக்ட் பிரெவோ என்பவர் 1803-இல் தென் பிரான்சின் உயிரியைக் கைரோசெஃபாலஸ் என்னும் தனிப் பேரினமாக்கினார். பிரித்தானிய உயிரியும் அதே கைரோசெஃபாலஸ் டயாஃபனஸ் என்பது பின்னர்த் தெளிந்தது. ஷேஃபர் கண்டதற்கு 1834-இல் பிராங்கிபஸ் ஷேஃபெரி என்னும் பெயர் கிடைத்தது. சிலந்தி ஆய்வில் புகழ்பெற்ற பிரெஞ்சு அறிஞர் யூஜின் சிமோன் 1886-இல் நிறுவிய டானிமாஸ்டிக்ஸ் என்னும் பேரினத்தில் லின்னேயசின் ஸ்டாக்னாலிஸ் இறுதியாக இடம்பெற்றது. ஆயினும் பிராங்கிபஸ் ஸ்டாக்னாலிஸ் என்னும் தவறான சேர்க்கை பாடநூல்களில் 20-ஆம் நூற்றாண்டிலும் நெடுங்காலம் நீடித்ததால், பழைய நூலொன்றில் அப்பெயரைக் காண்பவர் அருகிலுள்ள படத்தைப் பார்க்காமல் எந்த உயிரி பேசப்படுகிறது என்று முடிவு செய்யலாகாது.

உப்பள வடிவத்துக்கு வில்லியம் லீச் 1819-இல் ஆர்ட்டீமியா என்னும் பேரினத்தை அமைத்தார். பிரித்தானிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த வில்லியம் பெயர்டு 1852-இல் ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் பேரினத்தையும், அமெரிக்கரான வெர்ரில் 1869-இல் பிராங்கினெக்டா பேரினத்தையும் நிறுவினர். ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கா ஆகிய கண்டங்களிலிருந்து மாதிரிகள் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு வந்து குவியத் தொடங்கிய இக்காலத்தில்தான், புதிய பெயர்களுக்கு அடிப்படையாக அமைய வேண்டிய உறுப்பு எது என்பது தெளிவாகத் தொடங்கியது.

ஆணின் உணர்கொம்பு

தேவதை இறாலின் தலையில் இரு இணை உணர்கொம்புகள் உள்ளன. முதல் இணை மெல்லிய இழைகளாக ஆண், பெண் இரண்டிலும் ஒத்திருக்கும். இரண்டாம் இணையோ பெண்ணில் எளிய தட்டையான உறுப்பாக நிற்க, ஆணில் பெண்ணைப் பற்றிப் பிடிக்கும் வலிய கொக்கியாக மாறியிருக்கும். புணர்ச்சிக்கு முன் ஆண் இவ்வுறுப்பால் பெண்ணின் உடலை முட்டைப்பைக்குச் சற்று முன்னால் வளைத்துப் பிடிக்கும். பிராங்கினெக்டாவில் இது இரு கணுக்கள் கொண்ட கொக்கி. ஸ்ட்ரெப்டோசெஃபாலசில் அதன் நுனி விரலும் கட்டைவிரலும் கொண்ட கைபோலப் பிரிந்து, விரல்களின் உட்புறத்தில் பற்களைத் தாங்கியிருக்கும். தாம்னோசெஃபாலசில் நெற்றியிலிருந்து பல கிளைகளாகப் பிரிந்த ஒட்டுறுப்பு ஒன்று தலைக்கு முன்னே விரிந்திருக்கும். அடிக்கணுவில் உள்ள மேடு எவ்வளவு உயரம், பற்கள் எந்த இடத்தில், நுனி உட்பக்கம் வளைகிறதா வெளிப்பக்கமா என்னும் கேள்விகளுக்கான விடைகள் சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறுகின்றன.

இவ்வுறுப்பு நம்பத்தக்க அடையாளமாக இருப்பது தற்செயல் அன்று. கலங்கிய நீரில், ஒரே குட்டையில் இரண்டு மூன்று சிற்றினங்கள் கலந்து வாழும் நிலையில், பிடிக்கும் ஆண் தன் இனத்தைச் சேர்ந்ததுதானா என்பதைப் பெண் தொடுகையால் உணர்கிறது என்றும், பொருந்தாத பிடியை உதறித் தள்ளுகிறது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அமெரிக்க ஆய்வாளர் டென்டன் பெல்க் 1984-இல் வெளியிட்ட கட்டுரை, உணர்கொம்பின் ஒட்டுறுப்புகளை இனப்பெருக்க வெற்றியோடு தொடர்புபடுத்தி ஆராய்ந்தது. வகைப்பாட்டாளர் நோக்கும் உறுப்பும், இனக்கலப்பைத் தடுக்கும் உறுப்பும் ஒன்றாகவே அமைந்திருப்பது இக்குழுவின் ஆய்வுக்குக் கிடைத்த பெரும்பேறு எனலாம். அப்பேற்றுக்கு ஓர் எல்லையும் உண்டு: பெண்ணை மட்டும் அல்லது வளராத குஞ்சை மட்டும் வைத்துச் சிற்றினத்தைச் சொல்வது பெரும்பாலும் இயலாது.

ஆல்ஃபியஸ் பேக்கார்டு 1883-இல் வெளியிட்ட வட அமெரிக்கச் செவுட்காலிகள் பற்றிய தனிநூலும், அங்கேரியரான யெனோ டாடாய் 1910-இல் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட உலகளாவிய தனிநூலும் உணர்கொம்பின் படங்களையே மையமாகக் கொண்டவை. டாடாயின் நூல் அன்றுவரை அறியப்பட்ட அனைத்தையும் ஓரிடத்தில் தொகுத்து, பல பத்தாண்டுகளுக்கு இத்துறையின் அடித்தளமாக விளங்கியது. ஆனால் உணர்கொம்பு சிற்றினங்களைப் பிரிக்க உதவிய அளவுக்குக் குடும்பங்களை உறவுபடுத்த உதவவில்லை. விரைந்து மாறும் உறுப்பு நெடுந்தொலைவு உறவைக் காட்டாது. சுவீடனின் உப்சாலாவிலிருந்து ஃபோல்கே லிண்டர் 1941-இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையை நீக்கியது. ஆணுறுப்பின் நிலையான அடிப்பகுதி, புணர்ச்சியின்போது மட்டும் வெளியே புரண்டு நீளும் நுனிப்பகுதி, அதன்மேல் அமைந்த முட்கள் ஆகியவற்றை அவர் ஒப்பிட்டு, பேரினங்களையும் குடும்பங்களையும் மறுவரையறை செய்தார். அவரது பெயரால் சுலோவாக்கிய அறிஞர் யான் பிர்டெக் 1964-இல் லிண்டெரியெல்லா என்னும் பேரினத்தை அமைத்தார்.

குயால்னிக் ஏரிப் பூசல்

சிற்றினம் என்பது நிலையானதா என்னும் கேள்வியே 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இச்சிறு உயிரியை முன்வைத்து எழுப்பப்பட்டது. ஒடேசா நகருக்கு அருகிலுள்ள குயால்னிக் உவர் ஏரியின் இரு பகுதிகளைப் பிரித்திருந்த கரை 1871-இல் உடைந்து, மேற்பகுதியின் நீர் கீழ்ப்பகுதியில் பாய்ந்ததால் அதன் உவர்ப்புச் செறிவு போமே அளவில் 8 பாகையாகக் குறைந்தது. அந்நீருடன் ஆர்ட்டீமியா சலினாவும் பெருகி வந்தது. கரை சீரமைக்கப்பட்ட பின் ஆண்டுக்கு ஆண்டு நீர் செறிந்து, 1874-இல் 25 பாகையை எட்டியது. இவ்விடைக்காலத்தில் மாதிரிகளைத் தொடர்ந்து சேகரித்த விளாதிமிர் ஷ்மன்கேவிச், வால்கிளைகள் படிப்படியாகக் குறுகி, அவற்றின் மயிர்கள் உதிர்ந்து, இறுதியில் ஆர்ட்டீமியா மில்ஹவுசெனீ என்று தனிச் சிற்றினமாகக் கருதப்பட்ட வடிவம் தோன்றியதாக அறிவித்தார். மேலும், ஆய்வகத்தில் நீரைச் சிறிது சிறிதாக நீர்க்கச் செய்து வளர்த்தபோது இறுதி வயிற்றுக் கண்டம் இரண்டாகப் பிரிந்து, நன்னீர்ப் பேரினமான பிராங்கிபசின் தன்மை தோன்றியதாகவும் 1875 முதல் 1877 வரை வெளியிட்ட கட்டுரைகளில் எழுதினார்.

டார்வினின் நூல் வெளிவந்து இருபது ஆண்டுகளுக்குள் ஒரு சிற்றினம் மற்றொன்றாகவும், ஒரு பேரினம் மற்றொன்றாகவும் கண்ணெதிரே மாறியது என்னும் செய்தி பெரும் பரபரப்பை உண்டாக்கியது. பின்னாளில் மரபியல் துறைக்கு முன்னோடியாகப் போற்றப்பட்ட வில்லியம் பேட்சன், 1886-87-இல் மத்திய ஆசியாவின் உவர் ஏரிகளுக்கே பயணம் செய்து, வெவ்வேறு செறிவுள்ள நீர்களிலிருந்து மாதிரிகளைத் திரட்டி இக்கூற்றைச் சோதித்தார். 1894-இல் வெளியிட்ட மாறுபாடுகள் பற்றிய தம் பெருநூலில் அதை ஏற்க மறுத்தார். வாலின் நீளமும் மயிர்களின் எண்ணிக்கையும் உவர்ப்புக்கு ஏற்ப மாறுவது உண்மையே. அது அச்சிற்றினத்தின் வளர்ச்சி நெகிழ்வே அன்றிப் புதிய சிற்றினம் தோன்றியதற்குச் சான்றாகாது. ஆர்ட்டீமியாவையும் பிராங்கிபசையும் உண்மையில் பிரிப்பது ஆணின் தலையமைப்பு. எந்த நீரில் வளர்த்தாலும் அது மாறவில்லை. இப்பூசல் அறிவியலுக்கு ஈந்த நற்பயன், சூழலுக்கு ஏற்ப நெகிழும் பண்புகளையும் நெகிழாத பண்புகளையும் பிரித்துணர வேண்டும் என்னும் விழிப்பாகும். எதிர்வினை அளவு கடந்ததும் உண்டு: உவர்ப்புக்கு ஏற்ப எல்லாம் மாறும் என்று கருதி, உலகின் எல்லா ஆர்ட்டீமியாக்களையும் சலினா என்னும் ஒரே பெயரில் அடக்கும் வழக்கம் 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வேரூன்றியது.

ஆர்ட்டீமியா: தோற்றத்தில் ஒன்று, குருதியில் பல

அவ்வழக்கத்துக்கு மாறான சான்றுகள் முன்பே சேரத் தொடங்கியிருந்தன. வெர்ரில் 1869-இல் கலிஃபோர்னியாவின் மோனோ ஏரியிலிருந்து ஆர்ட்டீமியா மோனிக்காவையும், குந்தர் 1899-இல் ஈரானின் ஊர்மியா ஏரியிலிருந்து ஊர்மியானாவையும், கெல்லாக் 1906-இல் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலிருந்து ஃபிரான்சிஸ்கானாவையும் விவரித்திருந்தனர். ஆணே இன்றிப் பெண் மட்டும் முட்டையிட்டுப் பெருகும் கன்னி இனப்பெருக்கம் சில உப்பளங்களில் நிகழ்வதைக் கார்ல் ஃபொன் சீபோல்டு 1870-களின் தொடக்கத்தில் உறுதி செய்தார். இத்தாலியரான சேசரே அர்ட்டோம், சார்டீனியாவின் கால்யரி உப்பளத்து ஆண்-பெண் இனத்தில் 42 நிறப்புரிகளும், அட்ரியாட்டிக் கடற்கரையின் கப்போடிஸ்திரியா உப்பளத்துக் கன்னி இனத்தில் அதன் இரட்டிப்பான 84 நிறப்புரிகளும் இருப்பதைக் காட்டினார். நுண்ணோக்கியில் தோற்றத்தால் பிரிக்க முடியாத இரு கூட்டங்களுக்கிடையே உயிரணுவின் உட்கருவில் இவ்வளவு வேறுபாடு இருந்தது.

டச்சு ஆய்வாளர் கூனன் 1939-இல் அமெரிக்க ஆர்ட்டீமியாவையும் ஐரோப்பிய ஆர்ட்டீமியாவையும் ஒரே கலத்தில் இட்டு இனக்கலப்புக்கு முயன்றபோது, அவற்றிடையே சந்ததி தொடரவில்லை. தோற்றத்தால் ஒத்திருந்தும் தமக்குள் கலவாத இத்தகையவை உடன்பிறப்புச் சிற்றினங்கள் எனப்படும். இக்கருத்தை மிலான் நகரின் கிளாடியோ பரிகோட்சியும், சான் பிரான்சிஸ்கோவின் சரேன் போவனும் தம் குழுவினருடன் விரிவாக வளர்த்தனர். அர்ஜென்டினாவின் பெர்சிமிலிஸ் 1968-இல் பிரிக்கப்பட்டது. அதன் நிறப்புரி எண்ணிக்கை 44. நொதிப் புரதங்களை மின்புலத்தில் ஓடவிட்டு ஒப்பிடும் முறையால் போவனும் ஸ்டெர்லிங்கும் 1978-இல் துனிசியானா என்னும் பெயரை முன்வைத்தனர். சீனாவின் சினிக்கா 1989-இலும், திபெத்தின் திபெத்தியானா 1998-இலும் சேர்ந்தன.

இங்கே பெயர் விதி பற்றிய ஒரு சிக்கல் எழுந்தது. லின்னேயசின் சலினா லிமிங்டன் உப்பளத்து உயிரி. அவ்வுப்பளங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கைவிடப்பட்டு அங்குள்ள இனமும் அழிந்துவிட்டது. உயிருள்ள மாதிரி இல்லாத நிலையில் சலினா என்னும் பெயர் எதற்கு உரியது என்பதே தெரியாமல், சிலர் அப்பெயரையே கைவிடலாம் என்றனர். உரோமின் கிராசியெல்லா முரா 1990-இல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த லிமிங்டன் மாதிரிகளின் உணர்கொம்பு அடியிலுள்ள குமிழை அலகிடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நோக்கினார். அக்குமிழ், கோளவடிவான அமெரிக்க வகையிலிருந்து வேறுபட்டு, கூம்பிய வடிவில், மத்தியதரைக்கடல் சார்ந்த துனிசியானாவோடு ஒத்திருந்தது. ஆகவே துனிசியானா, சலினாவின் இணைப்பெயராயிற்று. இனமே அழிந்த பின்னும் அதன் பெயருக்கு உரிய பொருளை மீட்டுத் தந்த இம்முடிவு, அருங்காட்சியகப் புட்டிகளின் மதிப்பை உணர்த்தும் மிகச்சிறந்த எடுத்துக்காட்டாகும்.

மோனோ ஏரியின் மோனிக்கா பற்றிய வழக்கு இன்னும் நடைபெறுகிறது. அவ்வேரியின் நீர் கார்பனேட்டு மிகுந்தது. அங்குள்ள, தடித்த ஓடுடைய ஓய்வு முட்டைகள், மற்ற இடங்களில் போல மிதக்காமல், ஏரியின் அடியில் மூழ்கிக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. வாழிடத்தால் முற்றிலும் பிரிந்திருந்தாலும் மரபணுவால் அது ஃபிரான்சிஸ்கானாவுக்கு மிக நெருங்கியது. இரண்டும் ஒன்றே என்றும், முந்தைய பெயருக்கே முன்னுரிமை என்னும் விதிப்படி மோனிக்கா என்பதே இரண்டுக்கும் உரிய பெயர் என்றும் 2021-இல் எசுப்பானிய ஆய்வாளர்கள் வாதிட்டனர். உலகின் நீர்வாழ் உயிர் வளர்ப்புத் தொழில் பெருமளவு ஃபிரான்சிஸ்கானா என்னும் பெயரில் விற்பனையாகும் முட்டைகளை நம்பியிருப்பதால், இம்மாற்றத்தை எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. கன்னி இனப்பெருக்கக் கூட்டங்களுக்கு ஆர்ட்டீமியா பார்த்தினோஜெனெட்டிகா என்னும் ஒற்றைப் பெயர் வழங்கிவந்தாலும், அவை பலமுறை தனித்தனியாகத் தோன்றியவை என்று டி.என்.ஏ. சான்றுகள் காட்டுவதால், அதை முறையான சிற்றினமாகக் கொள்ளாமல் வசதிக்கான தொகைப்பெயராகக் கொள்வதே பொருத்தம்.

முட்டையோடும் மரபணுவும்

குட்டை வற்றும்போது மண்ணில் தங்கி, பல ஆண்டு வறட்சியையும் தாங்கி, அடுத்த மழையில் பொரிக்கும் தடித்த ஓடுடைய முட்டையே ஓய்வு முட்டை. பண்ணையாளர்கள் இதனைச் சிஸ்ட் என்பர். உயிரி இல்லாத வறண்ட காலத்திலும் மண்ணில் கிடைப்பதால், முட்டையோட்டின் புறவடிவத்தைக் கொண்டே சிற்றினத்தைச் சொல்லிவிட முடியுமா என்று முராவும் பிறரும் 1980-களில் முயன்றனர். டானிமாஸ்டிக்சின் முட்டை வில்லை வடிவில் தட்டையாக இருப்பதால் ஐயமின்றி அறியப்படும். ஸ்ட்ரெப்டோசெஃபாலசின் சில சிற்றினங்களில் அது நான்முக வடிவில் அமைந்து, அதன் அடிப்படையில் 1992-இல் பாராஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் என்னும் துணைப்பேரினமே அமைக்கப்பட்டது. ஆயினும் மற்றப் பேரினங்களில் ஒரே சிற்றினத்துக்குள் ஓட்டின் மேடுபள்ளங்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. நெருங்கிய இரு சிற்றினங்களின் முட்டைகள் வேறுபாடின்றியும் அமைகின்றன. பேரினம் வரை வழிகாட்டும் சான்றாகவே முட்டையைக் கொள்ள வேண்டும்.

2002-இல் வீக்கர்ஸ், முருகன் முதலிய ஐவர் வெளியிட்ட 18எஸ் மரபணு ஆய்வு, ஆர்ட்டீமியாவும் ஆஸ்திரேலிய உவர் ஏரிகளின் பாரார்ட்டீமியாவும் சேர்ந்த ஒரு கிளை, நன்னீர்க் குடும்பங்கள் அனைத்தும் அடங்கிய மற்றொரு கிளை என்னும் இருபெரும் பிரிவைக் காட்டியது. லிண்டெரியெல்லாவுக்கும் 17, 19 இணைக் கால்களுடைய பாலியார்ட்டீமியா வகைக்கும் தனிக் குடும்பங்கள் வேண்டியதில்லை, அவை கைரோசெஃபாலசின் குடும்பத்துக்குள்ளேயே அடங்கும் என்பதும் அதனால் தெளிந்தது. கால்களின் எண்ணிக்கை போன்ற கண்ணைக் கவரும் வேறுபாடு உறவைக் காட்டத் தவறியதும், லிண்டர் நோக்கிய மறைவான உறுப்பு பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டியதும் இங்குக் குறிப்பிடத்தக்கவை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கருங்கற் பாறைக் குழிகளில் வாழும் பிராங்கினெல்லா லாங்கிரோஸ்ட்ரிஸ் போன்ற சிற்றினங்களில், ஒரே பெயருக்குள் நெடுங்காலமாகப் பிரிந்து நிற்கும் மரபுவழிகள் இருப்பதும் பின்னர் வெளிப்பட்டது.

கலிஃபோர்னியாவின் வசந்தக் குட்டைகள்

நெருங்கிய சிற்றினங்களைப் பிரித்தறிதல் சட்டத்தோடு நேரடியாக இணைந்த இடம் கலிஃபோர்னியா. குளிர்கால மழையில் நிறைந்து வசந்த இறுதியில் வற்றும் குட்டைகள் அம்மாநிலத்தின் மத்தியப் பள்ளத்தாக்கெங்கும் பரவியிருந்து, வேளாண்மையாலும் நகர விரிவாலும் பெரும்பகுதி அழிந்தன. எங், பெல்க், எரிக்சன் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட கட்டுரை, பிராங்கினெக்டா லிஞ்சி, பிராங்கினெக்டா கன்சர்வேஷியோ, பிராங்கினெக்டா லாங்கியான்டென்னா, ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் வுட்டனி ஆகிய நான்கு புதிய சிற்றினங்களை ஒரே முறையில் அறிவித்தது. வுட்டனி 1993-இல் அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. மற்ற மூன்றும் 1994-இல் சேர்ந்தன. அதன் பின் ஒரு குட்டையை நிரப்பிக் கட்டடம் எழுப்பலாமா என்பது, அதில் நீந்தும் உயிரியின் உணர்கொம்பு வடிவத்தைப் பொறுத்ததாயிற்று.

வேறுபாடுகள் எவ்வளவு நுண்ணியவை என்பதற்கு லிஞ்சியே சான்று. இச்சிற்றினம் பிராங்கினெக்டா கொலராடென்சிசை மிகவும் ஒத்தது. ஆணின் உணர்கொம்பு அடியில் உள்ள பல்வில்லஸ் எனப்படும் சிறு மேடு கொலராடென்சிசில் வட்டமாகவும், லிஞ்சியில் நீண்டும் இருப்பது முதன்மையான அடையாளம். பெண்ணின் முட்டைப்பை லிஞ்சியில் குறுகிய பேரிக்காய் வடிவில் அமையும். பேக்கார்டு 1883-இல் விவரித்த பிராங்கினெக்டா லிண்டாலி பலவகை நீரிலும் பரந்து வாழும் பொது இனம். அதற்குச் சட்டக் காப்பு இல்லை. பெல்க்கும் ஃபியூகேட்டும் 2000-இல் விவரித்த மெசோவாலென்சிஸ், லிஞ்சியோடு குழம்பத்தக்க அளவு ஒத்ததாயினும் பட்டியலில் சேரவில்லை. ஆகவே ஒரு கொக்கியின் மேட்டை நோக்கும் ஆய்வாளரின் கண், நிலவுரிமையாளரின் கட்டட அனுமதியையும் குட்டையின் வாழ்வையும் ஒருசேர முடிவு செய்கிறது. கலிஃபோர்னியாவில் இவ்வாய்வைச் செய்வோருக்கு அரசின் உரிமம் வேண்டும் என்னும் ஏற்பாடு முற்றிலும் நியாயமானது.

சான் டியாகோ பகுதியில் நிலைமை மேலும் சிக்கலானது. மைக்கேல் ஃபியூகேட் 1993-இல் லிண்டாலியிலிருந்து பிரித்து விவரித்த பிராங்கினெக்டா சான்டியகோனென்சிஸ், ஆணின் உணர்கொம்பு நுனியாலும், பெண்ணின் முட்டைப்பை நீளத்தாலும், வயிற்றுக் கண்டங்களின் முதுகோரத்தில் இணையாக அமைந்த முட்களாலும் அறியப்படும். 1997-இல் அது பட்டியலில் சேர்ந்தது. வண்டிச் சக்கரங்களும் கட்டுமானப் பணிகளும் குட்டைகளைக் குலைத்து லிண்டாலியின் முட்டைகளை அங்குக் கொண்டுசேர்த்ததால் இரண்டும் கலந்து, இடைப்பட்ட பண்புகளையுடைய கலப்பினங்கள் தோன்றின. சிமோவிச், டேவிஸ், போகனாக் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, பெண்களின் புறப்பண்புகளுக்கு மதிப்பெண் அளித்துக் கலப்பின் அளவை மதிப்பிடும் முறையை மரபணுச் சான்றுகளோடு ஒப்பிட்டது. உணர்கொம்பு என்னும் தடை இங்கு முழுமையாகச் செயல்படவில்லை. மனிதர் கலைக்காத குட்டைகளில் இவ்விரு சிற்றினங்களும் பெரும்பாலும் சந்தித்துக்கொள்வதே இல்லையாதலின், அத்தடை முழுமையடைய வேண்டிய தேவையே முன்பு எழுந்திருக்காது என்று கருத இடமுண்டு.

இந்தியத் துணைக்கண்டம்

இந்தியாவிலிருந்து கிடைத்த மாதிரிகளைக் கொண்டு பெயர்டு 1860-இல் விவரித்த ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் டைகாட்டமஸ், தென்னிந்தியாவின் மழைக்குட்டைகளில் பரவலாகக் காணப்படுவது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் துறையில் இதன் இனப்பெருக்கமும் முட்டையோட்டின் அமைப்பும் பல ஆண்டுகளாக ஆராயப்பட்டுள்ளன. ராபர்ட் கர்னி 1906-இல் சிம்ப்ளெக்ஸ், ஸ்பைனிஃபர் ஆகியவற்றைச் சேர்த்தார். யேல் பல்கலைக்கழகத்தின் வட இந்தியப் பயணக்குழு திரட்டியவற்றை ஆராய்ந்த பாண்டு, 1934-இல் இந்தியப் பேரரசின் தேவதை இறால்கள் அனைத்தையும் மறுஆய்வு செய்தார். மதுரையின் பெயரைத் தாங்கிய பிராங்கினெல்லா மதுரையென்சிசும் இப்பகுதிக்கு உரியது. பெல்க்கும் எஸ்பார்சாவும் 1995-இல் துணைக்கண்டத்தின் பட்டியலை ஒழுங்குபடுத்தினர். ரோஜர்சும் பாத்யேயும் 2014-இல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து ஸ்ட்ரெப்டோசெஃபாலஸ் சகியாத்ரியென்சிசை விவரித்தபோது, ஆசியச் சிற்றினங்களுக்கான புதிய திறவுகோலையும், அதாவது பண்புகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெயருக்கு இட்டுச்செல்லும் அட்டவணையையும், உடன் வெளியிட்டனர்.

தூத்துக்குடி உப்பளங்களில் இயற்கையாக வாழ்ந்தது ஆணற்ற கன்னி இனப்பெருக்க ஆர்ட்டீமியா. இறால் வளர்ப்புக்காக இறக்குமதியான அமெரிக்க முட்டைகள் வழியே ஃபிரான்சிஸ்கானா இந்திய உப்பளங்களில் பரவி, உள்ளூர் இனத்தை இடம்பெயர்த்து வருவதை 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று மரபணுச் சான்றுகளுடன் காட்டியது. உப்பளத்தில் ஆண் ஆர்ட்டீமியா மிகுந்து காணப்படுவதே இவ்வூடுருவலின் முதல் அறிகுறி. பெண்களை மட்டும் பார்த்து அதை அறிய இயலாது.

பருவமழைக்குப் பின் சில கிழமைகளே நீர் நிற்கும் தமிழ்நாட்டுக் குட்டைகளும் பாறைச் சுனைகளும் இவ்வகையில் இன்னும் முறையாக ஆராயப்பட வேண்டியவை. அங்கு மாதிரி திரட்டுவோர் வளர்ந்த ஆண்களைத் தலை சிதையாமல் எடுக்க வேண்டும், ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைப்பதால் செறிந்த எத்தனாலில் இட வேண்டும். இடம், நாள், நீரின் உவர்ப்பு ஆகியவற்றை எழுதி, ஓர் அருங்காட்சியகத்தில் சேர்க்க வேண்டும். ஆணைக் காணாமல் இடப்பட்ட எந்தப் பெயரையும், அது எவ்வளவு பழைய நூலில் அச்சாகியிருந்தாலும், தற்காலிகமானதாகவே கொள்ள வேண்டும்.